அமானிதம் காத்த அன்பர்

2024ஆம் ஆண்டு ரமளான் பிறை தென்படுவதற்குச் சில நாள்கள் முன்னர், ஆவடியில் நம் நெடுநாள் நண்பர் ஒருவர் வஃபாத்தானார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தொழிற்சாலை ஒன்றில் 27 ஆண்டுகள் நம்மோடு ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றியவர். செய்தித்தாளில் இடம்பெறத்தக்க பதவி எதையும் அவர் வகித்ததில்லை. மேடை ஏறியதுமில்லை, நூல் எழுதியதுமில்லை. தொழிலாளர் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் ‘டைம் ஆபீஸ்’ எழுத்தராகச் சேர்ந்து, அந்த எழுத்தராகவே விடைபெற்றவர். ஆலையில் அவரை அனைவரும் ‘டைம் ஆபீஸ் பாய்’ என்றே அழைத்தனர். தம் பெயர் பேசப்படுவதை அவர் விரும்பியதில்லையாதலால், நாமும் இங்கே அவரை அவ்வாறே குறிப்பிடுவோம்.

இத்தகைய ஒருவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். ஒரு மனிதர் இறந்தபின் அவருடைய குடும்பத்துக்கு என்ன சேரவேண்டும், அவர் பிறருக்கு என்ன சேர்க்கவேண்டும் என்ற இரண்டு கேள்விகளையே தம் வாழ்நாள் ஊழியமாக எடுத்துக்கொண்டவர் அவர். அந்தக் கேள்விகள் நம் ஒவ்வோர் இல்லத்தின் வாசலிலும் ஒருநாள் வந்து நிற்கப்போகின்றவை. ஆகையால் எழுதுகிறோம்.

சென்னைக்கு மேற்கே இருக்கும் இந்த ஊர்கள் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தவை. 1951இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை அம்பத்தூரில் மிதிவண்டி செய்யத் தொடங்கியது. 1955இல் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாடு அவ்வூரின் பெயரை நாடறியச் செய்தது. 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதலாவது ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. அந்த ஆண்டுகளிலேதான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தது. தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் பிழைப்பு நாடி இங்கே வந்து சேர்ந்தனர். காலை வேளையில் பட்டரவாக்கம் நிலையத்தில் ரயில் நின்றால், தூக்குச் சட்டி ஏந்திய கைகள் பெட்டியின் ஒவ்வொரு வாயிலிலிருந்தும் வெளிப்படும். நாம் 1974இல் அந்தக் கூட்டத்தில் ஒருவராக வந்து இறங்கியபோது, நம் பஞ்சிங் கார்டில் பெயரெழுதித் தந்த கை இந்த நண்பருடையது.

எழுதித் தந்தவர் அத்தோடு விடவில்லை. வேறொரு தாளையும் நீட்டினார். “நீங்கள் மவுத்தானால் வைப்பு நிதிப் பணத்தை யாரிடம் தரவேண்டும்? இங்கே எழுதுங்கள் தம்பி” என்றார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் இது என்ன அபசகுனம் என்று உடன் வந்தவர் ஒருவர் முகம் சுளித்தார். நண்பரோ புன்னகை மாறாமல், “எழுதினால் மவுத் வராது, எழுதாவிட்டால் தள்ளியும் போகாது” என்றார்.

அவர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவர். தகப்பனார் தோல் பதனிடும் தொழிலகமொன்றில் கூலியாக இருந்து, நண்பருக்கு 9 வயதாக இருக்கும்போது இறந்துபோனார். அவருக்கு மூன்று மாதக் கூலி நின்றிருந்தது. அதைக் கேட்க வீட்டில் ஆண் துணை இல்லை. இத்தாவில் இருந்த தாயாருக்கு யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நான்கு மாதமும் பத்து நாளும் கழிந்து கேட்டபோது, கணக்கு முடிந்துவிட்டது என்ற ஒரே சொல்லைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதை நண்பர் நம்மிடம் ஒரே ஒரு முறைதான் கூறினார். அதன்பின் அவர் செய்தவற்றையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு அவர் அளித்த விடையாகவே நாம் கண்டோம்.

ஆலையில் ஒரு தொழிலாளி இறந்தால் மாலை வாங்கவும் லாரி ஏற்பாடு செய்யவும் பலர் முன்வருவர். நண்பரும் அடக்கத்துக்கோ தகனத்துக்கோ தவறாமல் செல்வார். ஆனால் அவருடைய வேலை மற்றவர்கள் கலைந்த பிறகே தொடங்கும். இறந்தவர் இந்துவானால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை படிவத்தை எடுத்துச் செல்லமாட்டார். முஸ்லிமானால் இத்தாவில் இருக்கும் பெண்ணை அலுவலகத்துக்கு வரச்சொல்லமாட்டார். தாமே சென்று வாசலில் நின்று, பிள்ளைகள் கையில் தாளைக் கொடுத்துத் திரைக்கு அப்பாலிருந்து கையொப்பம் பெற்று வருவார். கையெழுத்து அறியாதவர்களுக்காக ஒரு பழைய டிபன் டப்பாவில் மைப்பெட்டி வைத்திருந்தார். கூடவே கைதுடைக்க ஒரு துணித்துண்டும் இருக்கும். துக்கத்தில் இருக்கும் பெண்மணி மை படிந்த விரலோடு நிற்கக்கூடாதாம்!

வைப்பு நிதிக்கு 20ஆம் எண் படிவம், 1976இல் வந்த காப்பீட்டுத் திட்டத்துக்கு வேறொரு படிவம், குடும்ப ஓய்வூதியத்துக்கு இன்னொன்று, தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு மனு என்று தாள்கள் நீளும். அவற்றை நிரப்பி, ராயப்பேட்டையிலிருந்த வைப்பு நிதி அலுவலகத்துக்குத் தம் விடுமுறை நாளைச் செலவிட்டுச் சென்று சேர்ப்பார். ரயில் கட்டணம்கூட அந்தக் குடும்பத்திடம் பெற்றதை நாம் அறியோம்.

சட்டத்தை அவர் படித்த முறையும் வியப்புக்குரியது. பணிக்கொடை பெற ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும் என்பது தொழிலாளர் பலரும் அறிந்த விதி. இரண்டே ஆண்டு வேலை செய்த இளைஞர் ஒருவர் திடீரென இறந்தபோது, அவருக்குப் பணிக்கொடை இல்லை என்று நிர்வாகத்தார் கூறிவிட்டனர். நண்பர் 1972ஆம் ஆண்டுச் சட்டப் புத்தகத்தை மேலாளர் மேசையில் விரித்துவைத்தார். மரணத்தால் பணி முடிவுற்றால் ஐந்தாண்டு நிபந்தனை இல்லை என்பது அதில் தெளிவாக இருந்தது. பணம் வந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விலக்கு நிலைபெற்றிருக்கிறது. நம் பிள்ளைகள் வேலை செய்யும் இடங்களிலும் இதை அறிந்துவைத்தல் நலம்.

திருமண அழைப்பிதழ் கொடுத்தால், மொய்க் கவரோடு ஒரு வாரிசு நியமனப் படிவத்தையும் மடித்து எடுத்து வருவார். மணமாகாத காலத்தில் அண்ணன் பெயரிலோ நண்பன் பெயரிலோ எழுதிக் கொடுத்தது மணமானபின் செல்லாது, புதிதாக எழுதவேண்டும். இந்த விதியை அறியாமல் எத்தனையோ குடும்பங்கள் அலைந்திருக்கின்றன. மணமகன் வெட்கத்தோடு கையொப்பமிடுவார், சுற்றியிருப்போர் நகைப்பர், நண்பர் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பந்திக்குச் செல்வார். நம் சமூகத்து மணமகனாக இருந்தால், “மஹரைக் கொடுத்துவிட்டீர்களா?” என்று காதோடு ஒரு கேள்வியும் இருக்கும். மஹர் கணவன் மீதுள்ள கடன். கொடுக்காமல் இறந்தால் சொத்தைப் பங்கிடுமுன் அதைத் தீர்க்கவேண்டும் என்பதை அவர் எவருக்கும் எடுத்துரைக்கத் தயங்கியதில்லை.

கடன் என்ற சொல்லை அவர் அஞ்சியதுபோல் வேறெதையும் அஞ்சியதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தாம் தொழுகை நடத்தத் தயங்கி நின்றதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்ததும் நாம் அனைவரும் பயானில் கேட்ட செய்தி. நண்பர் அதைக் கேட்டதோடு நிற்கவில்லை. எந்த மதத்துத் தொழிலாளி இறந்தாலும் மறுநாள் கேண்டீனில் எழுந்து நின்று, “அன்னாரிடமிருந்து யாருக்கேனும் பாக்கி வரவேண்டுமா?” என்று கேட்பார். டீக்கடைப் பாக்கி, கைமாற்று, சீட்டுத் தவணை என்று சொல்வார்கள். சிலர் அங்கேயே விட்டுக்கொடுப்பர். மற்றவற்றை நண்பர்களிடம் திரட்டி அடைப்பார். அதன் பிறகே குடும்பத்துக்கென வசூல் செய்வார். முதலில் கடன், பிறகு பங்கீடு என்ற மார்க்கத்தின் வரிசையை அவர் மேடையில் முழங்கவில்லை. கேண்டீன் மேசையில் நடத்திக் காட்டினார்.

நம் ஆலை 2001இல் மூடப்பட்டது. தொழிற்பேட்டையில் லேத் ஓடிய இடங்கள் சிலவற்றில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து, கணிப்பொறிப் பணியாளர்கள் வந்துபோகின்றனர். நாம் பல திசையில் சிதறினோம். ஆயினும் பழைய தோழர் எவரேனும் இறந்தால் ஆவடியிலிருந்து அதே டிபன் டப்பாவோடு அவர் வந்து நிற்பார். முதுமையில் முழங்கால் வலியோடு, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறியதையும் கண்டோம்.

அவருடைய ஜனாஸாவுக்குப் பழைய தொழிலாளர் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் பிற சமயத்தவர். அடக்கம் முடிந்து மையவாடியின் வாயிலில் நின்றபோது, ஃபிட்டராக இருந்த பெரியவர் ஒருவர், “நம்ம வீட்டுத் தாளையெல்லாம் பாய் பார்த்தார். பாய் வீட்டுத் தாளை யார் பார்க்கிறது?” என்றார். அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. சில நாள் கழித்து அவருடைய மூத்த மகனைக் கண்டு, உதவி வேண்டுமா என்று வினவினோம். மகன் உள்ளே சென்று, தாயாரிடம் கேட்டு, ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

நாம் செய்வதற்கு அதில் ஏதும் மிச்சமில்லை. எல்லாத் தாளும் வரிசையாக இருந்தன. மஹர் கொடுத்த நாளும் தொகையும் மனைவியின் கையொப்பத்தோடு இருந்தன. மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் என்று எழுதப்பட்டிருந்தது. தமக்குப் பிறர் தரவேண்டிய தொகைகள் ஒரு பக்கத்தில் இருந்தன. அப்பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்து, ‘ஹலால் செய்துவிட்டேன், எவரிடமும் கேட்கவேண்டாம்’ என்று எழுதியிருந்தார். தாம் தரவேண்டியவை மறுபக்கத்தில் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் தீர்ந்தவை.

தீராத அந்த ஒன்றின் கீழ், ‘அமானிதம் ரூ. 1,150’ என்று இருந்தது. பக்கத்திலேயே பழுப்பேறிய ஓர் உறையும் இருந்தது.

அந்தக் கணக்கின் வரலாறு நமக்கும் தெரியும். 1988இல், ஒப்பந்தக்காரரின் கீழ்ச் சுமை ஏற்றிய தொழிலாளி ஒருவர் மாரடைப்பால் இறந்துபோனார். அம்பத்தூர் ஏரிக்கரையில் குடிசை. மனைவியும் சிறு குழந்தைகள் இருவரும். அவருக்கு டைம் ஆபீசில் அட்டை கிடையாது. வைப்பு நிதி கிடையாது. எந்தப் படிவத்திலும் அவர் பெயர் இல்லை. நண்பர் கலங்கி நின்று நாம் கண்டது அன்று ஒருநாள்தான். “எழுதுவதற்குத் தாளே இல்லையே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு துண்டை விரித்து வசூலுக்குக் கிளம்பினார். முதல் ஷிப்டில் சேர்ந்ததை அன்றே கொடுத்துவிட்டார். இரண்டாம் ஷிப்டினர் சம்பள நாளில் தருவதாகச் சொன்னார்கள். 115 பேர் ஆளுக்கு 10 ரூபாய் தந்தனர். அதை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குச் சென்றபோது குடிசை காலியாக இருந்தது. திருத்தணிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டதாக மட்டும் அண்டை வீட்டார் கூறினர். அந்தப் பணம் அத்தோடு எங்கோ முடிந்திருக்கும் என்றே நாமெல்லாம் எண்ணியிருந்தோம்.

முடியவில்லை. நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதியிருந்தார். ‘1989: திருத்தணி சென்று விசாரித்தேன். தெரியவில்லை.’ ‘1990: ஆடிக் கிருத்திகை. ஊர்மக்கள் எல்லாரும் வருவார்கள் என்பதால் பேருந்து நிலையத்தில் மாலைவரை நின்றேன். காணவில்லை.’ ‘1996: பட்டாபிராமில் அதே பெயருடைய குடும்பம். வேறு ஆட்கள்.’ ‘2007: திருவள்ளூர்ச் சந்தை. காணவில்லை.’ அடுத்து ஒரு குறிப்பு: ‘2016 டிசம்பர்: உறையிலிருந்த 500 ரூபாய்த் தாள்கள் இரண்டும் செல்லாதாகிவிட்டதால் வங்கியில் செலுத்தி, நூறு ரூபாய்த் தாள்கள் பத்தாக மாற்றி வைத்தேன்.’ நாடே தன் பணத்தை மாற்ற வரிசையில் நின்ற அந்த நாள்களில், தமக்குச் சொந்தமில்லாத ஆயிரம் ரூபாய்க்காகவும் ஒரு முதியவர் வரிசையில் நின்றிருக்கிறார்! கடைசி வரி நடுங்கும் கையெழுத்தில் இருந்தது: ‘என்னால் இயலாவிட்டால் நண்பர்கள் சேர்த்துவிடவும்.’

ஒரு முஸ்லிம், எழுதவேண்டிய பொருள் ஏதும் தன்னிடம் இருக்க, அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். வஸிய்யத் என்றால் மாளிகையும் தோட்டமும் உள்ளவர்களுக்கு உரியது என்று நம்மில் பலர் கருதுகிறோம். ஓர் உறையும் ஒரு வரியும்கூட வஸிய்யத்தாக இருக்கலாம் என்பதை அந்த நோட்டுப் புத்தகம் நமக்குக் காட்டியது.

பழைய தோழர்கள் சிலர் கூடித் தேடத் தொடங்கினோம். 36 ஆண்டுகள் கடந்த கால்தடம் எளிதில் கிட்டுவதில்லை. ஒப்பந்தக்காரர் இறந்துபோயிருந்தார். ஏரிக்கரைக் குடிசைகள் இருந்த இடமே அடையாளம் தெரியவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, கேண்டீனில் பரிமாறியவராக இருந்த ஒருவர் நினைவுகூர்ந்தார்: அந்தத் தொழிலாளியின் மகளைப் பூந்தமல்லியில் பூக்கட்டும் குடும்பமொன்றில் கொடுத்ததாக யாரோ சொல்லக் கேட்டாராம். பூவிருந்தவல்லி என்று பெயர் பெற்ற ஊரில் பூ விற்போரைத் தேடுவது எளிதன்று. ஒரு வாரம் கடை கடையாகக் கேட்டோம். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பேருந்து நிலையத்தின் அருகே மல்லிகைச் சரம் அளந்துகொண்டிருந்த நடுவயதுப் பெண்மணி தம் தகப்பனாரின் பெயரைச் சொன்னதும் கையை நிறுத்தி நம்மை ஏறிட்டுப் பார்த்தார்.

தாயார் உயிரோடு இருந்தார். எழுபது வயது கடந்தவர். மகன் வீட்டுத் திண்ணையில் அவரைக் கண்டோம். நண்பரின் மூத்த மகனும் நம்மோடு வந்திருந்தார். வந்த காரியத்தைச் சொல்லி உறையை நீட்டினோம். அம்மையாரின் மகன் வியந்து, “பெரியவரே, இது இன்று ஒருநாள் கூலிக்குக் காணாத காசு. உங்கள் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிடுங்கள். எங்களுக்கு அந்த மனசே போதும்” என்றார். நாமும் அதுவே பொருத்தம் என்று எண்ணத் தலைப்பட்டோம்.

அந்த மூதாட்டி இசையவில்லை. “இப்படிக் கொடு. நாம் வாங்காவிட்டால் அந்த மனிதருக்குக் கணக்குத் தீராது. அவர் அங்கே பதில் சொல்லவேண்டும்” என்று சொல்லிக் கை நீட்டினார். தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி, 1,150 சரியாக இருக்கிறது என்றார். நண்பரின் துணைவியார் கொடுத்தனுப்பிய புடவையையும் மறுக்காமல் பெற்றுக்கொண்டார். “ஏரிக்கரைக்கு வந்து பாய் வெளியே நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொன்னேன், ஆண் இல்லாத வீடு என்று உட்காரவில்லை” என்று கண்களைத் துடைத்துக்கொண்டார்.

நோட்டுப் புத்தகத்தை நீட்டினோம். நண்பரின் மகன் தகப்பனாரின் டிபன் டப்பாவைத் திறந்து மைப்பெட்டியை வைத்தார். அம்மையார் விரல்ரேகை பதித்தார். மகன் துணித்துண்டை எடுத்து அவருடைய விரலைத் துடைத்துவிட்டார்.

அங்கிருந்து, கோல்கொண்டா சுல்தான்களின் காலத்தில் எழுந்த பூந்தமல்லியின் பழைய பள்ளிவாசலுக்குச் சென்று அஸர் தொழுதோம். துஆ செய்தபோது நம் உள்ளத்தில் நின்றவர்கள் இருவர். ஒருவர், பிறர் பொருளை 36 ஆண்டுகள் காத்த நம் நண்பர். மற்றவர், தமக்குத் தேவையில்லாத தொகையை, கொடுத்தவரின் சுமை இறங்கவேண்டும் என்பதற்காகவே எண்ணிப் பெற்றுக்கொண்ட அந்தத் தாய். கொடுப்பது ஈகை என்று அறிவோம். பெற்றுக்கொள்வதும் ஈகையாகலாம் என்பதை அவரிடம் கண்டோம்.

அன்பு கொண்டோர் மறைந்தால் நாம் கண்ணீர் வடிக்கிறோம், யாஸீன் ஓதுகிறோம், புகழ்ந்து பேசுகிறோம். அவை யாவும் நல்லவையே. ஆனால் மறைந்தவருக்கு நம்மிடமிருந்து உடனே தேவைப்படுவது அவர் கணக்கைத் தீர்க்கும் ஒரு கை. அவருடைய குடும்பத்துக்குத் தேவைப்படுவது, அவர்களுக்குரியதைக் கேட்டு வாங்கித் தரும் ஒரு கால். இவ்விரண்டையும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஊரார்க்கு வழங்கியவரைத்தான் நாம் எளிய எழுத்தர் என்று எண்ணியிருந்தோம்.

இதைப் படித்து முடிக்கும் இல்லங்களில் இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுக்கப்படுமானால் நண்பரின் ஆன்மா மகிழும். வைப்பு நிதியிலும் வங்கியிலும் யார் பெயர் இருக்கிறது? மணமானபின் அதை மாற்றியாயிற்றா? இன்று கைப்பேசியிலேயே வைப்பு நிதி நியமனத்தைப் பதிவு செய்ய வழியுண்டு. பிள்ளைகளைக் கேட்டால் செய்து தருவார்கள். மஹர் தீர்ந்ததா? யாருக்கு எவ்வளவு தரவேண்டும்? யாருடைய அமானிதம் நம் பெட்டியில் இருக்கிறது? மனைவி மக்கள் அறிய அவற்றை எழுதிவையுங்கள். நம் ஜமாஅத்துகளிலும், ஜனாஸாவுக்கு வேண்டியதைச் செய்வதோடு நில்லாமல், இத்தாவில் இருக்கும் சகோதரியின் வாசலுக்குத் தாள்களைக் கொண்டுசெல்லும் பொறுப்பை ஒருவர் ஏற்கட்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பொறுமையும், ஒரு பேனாவும், ஒரு மைப்பெட்டியும் போதும்.

வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, கபுரை ஒளிமயமாக்கி, பிறர் கணக்கைத் தீர்த்தவரின் கணக்கை மறுமையில் எளிதாக்கி வைப்பானாக. ஆமீன்.